மீட்டரில் 100, ஜி.பி.எஸ்.ஸில் 96: உங்கள் காரின் உண்மையான வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

மீட்டரில் முள் 100-ல் நிற்கும். டேஷ்போர்டில் வைத்த போனோ 95, 96 என்று காட்டும். போனில் மேப் போட்டு ஓட்டுகிற எல்லோரும் இதைக் கவனித்திருப்பார்கள். பெரும்பாலான கார்களில் போன் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கம். மீட்டர் கூடக் காட்டுகிறது, அப்படிக் காட்டும்படி வைத்துத்தான் கம்பெனியிலிருந்தே அனுப்புகிறார்கள். ஆனால் எவ்வளவு கூட என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஒரே காரில் டயருக்கு டயர் மாறும். உங்கள் வண்டிக்கு உரிய அந்த வித்தியாசத்தை ஒரு காலை நேரத்தில் நீங்களே அளந்துவிடலாம். அளக்காமல், "எல்லாக் காரும் அஞ்சு பர்சன்ட் கூடத்தான் காட்டும்" என்ற பேச்சை நம்பி ஓட்டுவது நல்லதல்ல. டயர் சைஸ் மாற்றிய வண்டியில் அந்த ஐந்து சதவீதம் மிச்சமில்லாமல் போயிருக்கலாம்.

கார் எண்ணுவது சுற்றுகளைத்தான்

எந்தக் காரும் தன் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தயாரிக்கும்போதே பதிந்து வைத்த ஓர் எண்ணால் அதைப் பெருக்கும். சுற்றை எண்ணுவதில் அநேகமாகத் தப்பு வராது. அந்தப் பெருக்கும் எண்ணும் இப்போது வண்டியில் இருக்கிற டயரும் ஒத்துப்போகாததுதான் பிரச்சினை.

185/65 ஆர்15 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 185 மி.மீ., ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் 185-ல் 65 சதவீதம், 120.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் டயரின் விட்டம் 621.5 மி.மீ. இதை 3.14-ஆல் பெருக்கிச் சுற்றளவு எடுத்தால் கொஞ்சம் கூடிவிடும். வண்டியின் பாரத்தில் டயர் அடியில் அமுங்குவதால், ரேடியல் டயர் ஒரு சுற்றில் உருளும் தூரத்துக்கு 3.05-ஆல் பெருக்குவது டயர்த் துறையின் வழக்கம். அப்படிப் போட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.896 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 527 சுற்று. நூறில் போகும்போது சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 14.6 சுற்று சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் சென்சார் பார்க்கும் வளையத்தில் 48 பல் இருந்தால் வினாடிக்கு 700 துடிப்புகள் கம்ப்யூட்டருக்குப் போகும். எண்ணிக்கை அவ்வளவு நுணுக்கமானது.

டயர் அப்படியே இருப்பதில்லை. புது டயரில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் வரிகள்) ஆழம் 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மாற்றியே ஆக வேண்டிய எல்லையான 1.6 மி.மீ.க்குத் தேயும்போது விட்டம் 12.8 மி.மீ. குறைந்திருக்கும். 621.5-ல் அது 2 சதவீதம். சிறுத்த டயர் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் 2 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டும். பழைய டயரோடு சோதித்து 6 சதவீதம் என்று எழுதிவைத்தவர், புது டயர் போட்ட பிறகு 4 சதவீதம் என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

காற்று குறைவதால் வரும் மாற்றத்தைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை நீளாது, சுருங்காது. அதனால் 33 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டிய இடத்தில் 28 இருந்தாலும் உருளும் தூரம் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட மாறாது. ஆனாலும் மாற்றம் இல்லாமல் இல்லை. டயருக்குள் தனி சென்சார் வைக்காமலே காற்று குறைந்ததை எச்சரிக்கும் கார்கள், ஒரு சக்கரம் மற்றவற்றைவிட மிகக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கின்றன.

சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது

உலகச் சந்தைக்குக் கார் செய்கிற கம்பெனிகள் கண்முன் வைத்துக்கொள்வது ஐ.நா.வின் 39-ஆம் எண் ஒழுங்குமுறை. அதன் சாரம் இரண்டே வரி. மீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது. கூடினால், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கி.மீ.யும் வரை கூடலாம். அதாவது உண்மையாக 80-ல் போகிற காரில் முள் 92-ஐத் தொட்டாலும் விதிப்படி சரி, 79 காட்டினால் தப்பு. திருப்பிப் போட்டால், மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 87-லிருந்து 100-க்குள் எதுவாகவும் இருக்கலாம். இந்தச் சோதனையைக் கம்பெனியில் 40, 80, 120 கி.மீ. வேகங்களில் செய்கிறார்கள். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117-ஆவது விதி ஸ்பீடாமீட்டருக்கானது. அளந்து பார்க்கும் முறைக்கு ஐ.எஸ். 11827 என்ற தரநிலை இருக்கிறது.

ஒரு பக்கம் கதவை முழுக்க அடைத்து, மறுபக்கம் அகலமாகத் திறந்துவிட்ட விதி இது. கம்பெனிக்காரர் என்ன செய்வார்? புது டயர், தேய்ந்த டயர், வெவ்வேறு பிராண்டு டயர்களின் மில்லிமீட்டர் வித்தியாசம், கிளஸ்டரின் (ஓட்டுநர் முன் உள்ள மீட்டர் பலகை) சொந்தப் பிழை எல்லாவற்றையும் கூட்டி, இவற்றில் எது வந்தாலும் குறைத்துக் காட்டிவிடாதபடி மேலே தள்ளி வைப்பார். அப்படித் தள்ளி வைப்பதுதான் நாம் பார்க்கும் 3, 4, 5 சதவீதம். என்னைக் கேட்டால் விதி நியாயமானது. முள் 80-ல் இருக்க வண்டி 84-ல் பறந்து அபராதம் வந்தால் ஓட்டுநர் யாரிடம் போய் நிற்பார்? ஆனால் மேல் எல்லை இவ்வளவு தாராளமாக இருக்க வேண்டியதில்லை. ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து நேராகக் கணக்கு வாங்கும் இந்தக் காலத்துக் காரில், 80-க்கு 92 என்ற இடைவெளிக்கு எந்தத் தேவையும் இல்லை.

ஜி.பி.எஸ். எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறது

போன் தன் இடத்தையே ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டுகிறது, அது சொல்லும் வேகத்தை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு வேறு, வேகத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு வேறு என்பதுதான் பதில். செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலின் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 19 செ.மீ. நாம் நகரும்போது டாப்ளர் விளைவால் அந்த அலைவரிசை துளி ஏறி இறங்கும். செயற்கைக்கோளை நோக்கி நேராக வினாடிக்கு 19 செ.மீ. நகர்ந்தால் ஒரு ஹெர்ட்ஸ் மாற்றம். நூறு கி.மீ. வேகம் என்றால் 146 ஹெர்ட்ஸ். செயற்கைக்கோளின் சொந்த ஓட்டத்தைக் கழித்து, நான்கைந்து திசைகளிலிருந்து வரும் மாற்றங்களைச் சேர்த்து, போனின் சிப் வேகத்தை நேரடியாகக் கணக்கிடுகிறது. திறந்த வானத்தின் கீழ், ஒரே சீராகப் போகும் காரில், பிழை அரை கி.மீ.க்குள் அடங்கிவிடும். டயர் தேய்ந்தால் என்ன, காற்று குறைந்தால் என்ன, இந்தக் கணக்கை அது தொடாது.

தவறும் இடங்களும் உண்டு. முதலாவது, தாமதம். பெரும்பாலான போன்கள் வினாடிக்கு ஒருமுறைதான் புது வேகம் தரும், அதைத் திரையில் காட்ட இன்னும் கொஞ்சம் நேரமாகும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 60-லிருந்து 100-க்குப் பதினோரு வினாடியில் ஏறினால் ஒவ்வொரு வினாடிக்கும் 3.6 கி.மீ. கூடுகிறது. ஒரு வினாடித் தாமதமே 3.6 கி.மீ. வித்தியாசமாகத் தெரியும். "என் வண்டியில் பத்து கி.மீ. வித்தியாசம் வருது" என்கிறவர்களில் பலர் வேகம் ஏறும்போது பார்த்தவர்கள். பிரேக் பிடிக்கும்போது பார்த்தால் ஜி.பி.எஸ். மீட்டரைவிடக் கூடக் காட்டும், அதுவும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது, சிக்னல் எதிரொலி. உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், வேகம் தாறுமாறாகக் குதிக்கும். சுரங்கத்துக்குள் சில ஆப்கள் கடைசி எண்ணையே பிடித்துவைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த முன் கண்ணாடி உள்ள கார்களிலும் சிக்னல் பலவீனமாகும்.

ஏற்ற இறக்கத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், அது பெரிய விஷயமில்லை. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுகிற சாலையில், தரைமட்டத்தில் மட்டும் அளக்கிற ஆப்புக்கு வரும் பிழை 0.2 சதவீதத்தையும் எட்டாது.

சோதனை செய்யும் முறை

முதல் வேலை டயர். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நான்கு சக்கரத்திலும் காற்று வையுங்கள். பட்டன் ஆழத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி சோதிக்கும்போது எண் ஏன் மாறியது என்று புரிய அது வேண்டும்.

போனை டேஷ்போர்டின் மேல், கண்ணாடிக்குப் பக்கத்தில், வானம் தெரியும்படி ஸ்டாண்டில் வையுங்கள். கப் ஹோல்டரில் கிடக்கும் போன் உதவாது. பேட்டரி சேவர் அணைந்திருக்கட்டும். செயற்கைக்கோள் எண்ணிக்கையைக் காட்டும் ஏதாவது ஓர் ஆப் போட்டு, எட்டுப் பத்து கோள்களாவது கணக்கில் சேரும்வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஆண்ட்ராய்டு ஆட்டோவில் போனை இணைத்துவிட்டுச் சோதிக்காதீர்கள். சில கார்கள் தங்கள் சொந்த இருப்பிடத் தகவலையும் சக்கர வேகத்தையும் போனுக்கே கொடுத்துவிடும். அப்போது காரை வைத்துக் காரையே சரிபார்த்ததாகிவிடும். கேபிளைக் கழற்றிவிடுங்கள், வயர்லெஸ் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள்.

சாலை நேராக, தட்டையாக, வண்டிகள் குறைவாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குத் திண்டிவனம் தாண்டி உளுந்தூர்பேட்டை வரை நல்ல நீளமான பகுதிகள் கிடைக்கும், விடியற்காலை இன்னும் நல்லது. நான்குவழிச் சாலையில் கார்களுக்கு உச்ச வரம்பை 2018 அறிவிக்கை 100 என்று வைத்தது. ஆனால் பல இடங்களில் அதைவிடக் குறைவாகப் பலகை வைத்திருப்பார்கள். பலகை என்ன சொல்கிறதோ அதற்குள்ளேயே சோதனையை முடித்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு 80 வரை போனால் போதும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது இரண்டு கருவிகளையும் பாதிக்காது, எனவே போய்த் திரும்பி இரண்டு பக்கமும் அளக்க வேண்டிய கட்டாயமில்லை.

காரில் இரண்டு பேர் வேண்டும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் படிக்கவும் கூடாது. முள் தட்டிலிருந்து சற்று மேலே நிற்பதால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓரிரண்டு கி.மீ. தள்ளித் தெரியும். மீட்டரில் வேகத்தை 40-ல் நிறுத்தி, ஆடாமல் பதினைந்து வினாடி பிடித்து, ஓட்டுகிறவர் "இப்போ" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அடுத்த நாலைந்து வினாடிகளில் போன் காட்டும் எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். அப்படியே 60, பிறகு 80. க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் கட்டாயம் அதைப் பயன்படுத்துங்கள், காலால் பிடிப்பதைவிட அது சீராக இருக்கும். டிஜிட்டல் மீட்டர் என்றால், 79-லிருந்து 80-க்கு மாறுகிற அந்தத் தருணத்துக்குப் பக்கத்திலேயே வேகத்தைப் பிடியுங்கள். இல்லையென்றால் 80 என்று காட்டுவது 80.0-வா 80.9-ஆ என்று தெரியாது.

நாற்பதில் கிடைக்கும் சதவீதத்தை அதிகம் நம்பாதீர்கள். அந்த வேகத்தில் ஒரே ஒரு கி.மீ. மாறினாலே 2.5 சதவீதம். எண்பதில் கிடைப்பதுதான் கணக்குக்கு ஆகும்.

போனையும் சந்தேகிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, செலவில்லாதது: கிலோமீட்டர் கல். க்ரூஸில் மீட்டர் 80 காட்டும்படி வைத்து, ஒரு கல்லைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டி, ஐந்தாவது கிலோமீட்டரைக் கடக்கும்போது நிறுத்துங்கள். 18,000-ஐ வந்த வினாடிகளால் வகுத்தால் வேகம். உண்மையாக 80 என்றால் 225 வினாடி ஆகும். 234 வினாடி ஆனால் உண்மை வேகம் 76.9. தட்டுவதில் அரை வினாடி பிசகினாலும் பெரிதாக எதுவும் மாறாது, 0.2 சதவீதம்தான். ஒரே ஒரு கிலோமீட்டரை வைத்து இதைச் செய்யாதீர்கள். சாலை அகலப்படுத்தும்போதும் பைபாஸ் போடும்போதும் கற்கள் இடம் மாறி நிற்கும், ஒரு கல் முப்பது மீட்டர் தள்ளி இருந்தாலே 3 சதவீதம் போய்விடும். ஐந்து கிலோமீட்டரில் அதே தவறு 0.6 சதவீதம்தான்.

மூன்றாவது எண் ஒன்றும் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, மெக்கானிக் பழுது பார்க்கக் கருவி செருகும் ஓ.பி.டி. போர்ட்டில் புளூடூத் அடாப்டர் செருகி, காரின் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருக்கும் வேகத்தைப் போனில் படிக்கலாம். அது தசமம் இல்லாத முழு எண்ணாக, 0-லிருந்து 255 வரை வரும். பல கார்களில் இந்த எண் மீட்டரைவிட ஜி.பி.எஸ்.ஸுக்கு நெருக்கமாக இருக்கும். மீட்டர் 80, ஓ.பி.டி. 77, ஜி.பி.எஸ். 77 என்று வந்தால் கம்ப்யூட்டருக்கு உண்மை தெரியும், கிளஸ்டர்தான் மேலே கூட்டிக் காட்டுகிறது என்று பொருள். ஓ.பி.டி.யும் 80 காட்டினால், கூட்டுவது கிளஸ்டருக்கு வருமுன்பே நடக்கிறது, அல்லது டயர் சிறுத்திருக்கிறது.

வந்த எண்களைப் படிப்பது

மீட்டர் 40, 60, 80-க்கு ஜி.பி.எஸ். 38, 57, 76 என்று வந்தால் எல்லா வேகத்திலும் ஒரே விகிதம், 5 சதவீதம். இது கம்பெனி வைத்த கணக்கும் டயர் தேய்மானமும் சேர்ந்தது, கவலை இல்லை. 37, 57, 77 என்று வந்தால் எல்லா வேகத்திலும் அதே 3 கி.மீ. கூடுகிறது. சில கம்பெனிகள் கிளஸ்டரிலேயே இப்படி ஒரு நிலையான எண்ணைக் கூட்டுவது உண்டு. ஆனால் முள் உள்ள கிளஸ்டரைப் பழுதுக்குக் கழற்றி மாட்டிய வண்டியாக இருந்தால் வேறு சந்தேகம் வர வேண்டும். முள்ளைப் பிடுங்கித் திரும்பக் குத்தும்போது இரண்டு மூன்று கி.மீ. தள்ளிக் குத்தியிருப்பார்கள். சாவியைத் திருப்பி வண்டி நிற்கும்போது முள் பூஜ்ஜியக் கோட்டில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள், உட்காரவில்லை என்றால் அதுதான்.

ஜி.பி.எஸ். மீட்டரைவிடக் கூட வந்தால், ஒரு கி.மீ. என்றாலும், அதை விடாதீர்கள். கம்பெனி டயர் போட்ட, கிளஸ்டர் மாற்றாத கார் அப்படிக் காட்டக் கூடாது. மறுபடி அளங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் முதலில் டயர் சைஸைப் பாருங்கள்.

டயர் மாற்றினால் கணக்கு தலைகீழ்

ஸ்விஃப்ட்டில் அடிப்படை மாடலுக்கு 165/80 ஆர்14, உயர்ந்த மாடலுக்கு 185/65 ஆர்15. முதலாவதன் விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5. வித்தியாசம் 0.3 சதவீதம். கம்பெனி எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். அடிப்படை மாடல் வாங்கி அலாய் வீலோடு 15 அங்குலத்துக்குப் போகிறவர் 185/65-லேயே நின்றால் மீட்டரை மறந்துவிடலாம். "கொஞ்சம் அகலமா இருக்கட்டும்" என்று கடைக்காரர் 195/65 ஆர்15 மாட்டினால் விட்டம் 634.5, 2 சதவீதம் கூடுகிறது. 205/65 என்றால் 647.5, அதாவது 4 சதவீதத்துக்கும் மேல்.

இதைவிடப் பெரிய உதாரணம் மாருதி ஜிம்னி. கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. கரடுமுரடான பாதைக்கு ஆசைப்பட்டுப் பலர் போடுவது 215/75 ஆர்15, விட்டம் 703.5, கூடுதல் 1.5 சதவீதம். இது தாங்கும். 235/75 ஆர்15 போட்டால் 733.5, கூடுதல் 5.8 சதவீதம். முன்பு மீட்டர் 100-க்கு உண்மை 96 என்று இருந்த வண்டியில் இப்போது உண்மை 101.6. கம்பெனி வைத்த பாதுகாப்பு முழுக்கப் போய், மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கிவிட்டது. ஓட்டுநருக்குக் கண்ணில் எதுவும் மாறவில்லை, முள் அதே 100-ல்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் காருக்கு வேக மீறல் அபராதம் ரூ. 1,000 முதல் 2,000 வரை. ரேடார் அளப்பது உண்மை வேகத்தை, அதனிடம் "என் மீட்டர் 100 தான் காட்டியது" என்பது எடுபடாது. பிரேக் பிடித்தால் நிற்க ஆகும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், தெரியாமல் ஏறிய இந்த 5.8 சதவீதம் நிற்கும் தூரத்தில் 12 சதவீதம்.

கணக்குப் போட ஒரு காகிதம் போதும்: அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம்மை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். பழைய டயரோடு ஒப்பிட்டு 3 சதவீதத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். அதைத் தாண்டினால் காரின் கம்ப்யூட்டரில் டயர்ச் சுற்றளவைத் திருத்த வேண்டும். எண்டவர் போன்ற ஃபோர்டு கார்களில் ஃபோர்ஸ்கேன் மென்பொருளும் லேப்டாப்பும் நல்ல அடாப்டரும் இருந்தால் சுற்றளவை மி.மீ.யில் மாற்றலாம். மாற்றுமுன் பழைய மதிப்புகளைச் சேமித்துக்கொள்வது கட்டாயம். பல கார்களில் இந்த வசதி ஓட்டுநர் கைக்கு எட்டாது, அங்கே டயரில் அடக்கமாக இருப்பதுதான் ஒரே வழி. "மீட்டரைச் சரிபண்ணித் தர்றேன்" என்று சொல்லி ஓடோமீட்டரில் கைவைக்கிற கடைகளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எப்போது அது உண்மையான பழுது

கேபிள் காலத்து வண்டிகளில், அம்பாசிடரிலும் பழைய மாருதி 800-லும், கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, மெல்லிய சுருள்வில்லுக்கு எதிராக முள்ளை இழுக்கும். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வருடங்கள் போகப் போகக் காந்தம் பலவீனமானால் முள் குறைத்துக் காட்டும், சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். முப்பது நாற்பதில் முள் துள்ளினால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. கிராபைட் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். அள்ளிப் பூசினால் கேபிள் வழியாக மேலேறி மீட்டருக்குள் போய்க் கிண்ணத்தை ஒட்டவைத்துவிடும், அதன்பிறகு மீட்டரே போச்சு.

இப்போதைய கார்களில் முள் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்து, கூடவே ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்தால் சக்கர சென்சார் பக்கம் பாருங்கள். பிரேக் வேலையோ வீல் பேரிங் வேலையோ முடித்த கையோடு இது வந்திருந்தால் காரணம் அநேகமாக அங்கேயேதான். புதிய பேரிங் பலவற்றில் ஒரு பக்கத்து சீலிலேயே காந்த வளையம் பதித்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. ஒரு சிறு ஆணியை அருகே கொண்டுபோய் எந்தப் பக்கம் ஈர்க்கிறது என்று பார்த்தாலே பேரிங்கை அழுத்துமுன் தெரிந்துவிடும். பழைய வகைப் பல் வளையத்தில் துரு ஏறி வெடிப்பு விட்டாலும், சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டினாலும் வேகம் விட்டுவிட்டுத் தெரியும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சுழலும்போது மீட்டர் 40 காட்டுவது பழுதல்ல, சுற்றைத்தான் அது எண்ணுகிறது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய டாக்சிகளில் இன்னொரு புகார் அடிக்கடி வரும்: "80-ல பூட்டியிருக்கணும், மீட்டர் 83 வரைக்கும் போகுது." கருவி உண்மை வேகத்துக்குச் சரியாக அமைக்கப்பட்டு, மீட்டர் வழக்கம்போல 4 சதவீதம் கூட்டிக் காட்டினால் அப்படித்தான் வரும். ஜி.பி.எஸ்.ஸில் 80-ல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பட்டறைக்குப் போகலாம்.

ஓடோமீட்டர் தனிக் கணக்கு

மீட்டர் 5 சதவீதம் கூட்டினால் ஓடிய கிலோமீட்டரும் 5 சதவீதம் கூடும் என்று நினைத்து, மைலேஜையும் வாரன்டியையும் அதன்படி கழித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான இன்றைய கார்களில் அப்படியில்லை. வேகம் காட்டும்போது மட்டும்தான் கிளஸ்டர் மேலே கூட்டுகிறது. தூரத்தைச் சக்கரச் சுற்றிலிருந்து நேரடியாகக் கணக்கிடுகிறது. கம்பெனி டயரோடு ஓடோமீட்டரின் பிழை பொதுவாக ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருக்கும். சரிபார்க்க, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, கல்லுக்குக் கல் 20 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள், அல்லது போனில் பயணத் தடத்தைப் பதிந்து ஒப்பிடுங்கள். வளைவுகள் அதிகமான மலைப்பாதையில் ஜி.பி.எஸ். தடம் வினாடிக்கு ஒரு புள்ளி வைத்து நேர்கோட்டால் இணைப்பதால் தூரம் கொஞ்சம் குறைவாக வரும், அதனால் இதையும் நேரான சாலையில்தான் செய்ய வேண்டும்.

டயர் சைஸ் மாற்றியவர்கள் மைலேஜ் கணக்கில் இதைச் சேர்த்தே ஆக வேண்டும். 5.8 சதவீதம் பெரிய டயர் போட்ட ஜிம்னி உண்மையில் 529 கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஓடோமீட்டர் 500 என்றுதான் சொல்லும். 40 லிட்டர் போட்டிருந்தால் லிட்டருக்கு 12.5 என்று கணக்கு வரும், உண்மை 13.2. பெரிய டயர் எரிபொருள் குடிப்பது உண்மைதான், ஆனால் குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பகுதி மீட்டர் எண்ணாமல் விட்ட கிலோமீட்டர். சர்வீஸ் இடைவெளியும் அப்படியே: 10,000 என்று காட்டும்போது வண்டி 10,580 ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் தேதியை 9,450-க்குக் குறித்துக்கொள்ளுங்கள்.